வளர்ப்புப் பிராணி இல்லாத வீட்டில் தெள்ளுப்பூச்சி: காரணத்தைக் கண்டறிந்து ஒழிக்கும் வழி

இரண்டு மாதங்கள் பூட்டிக் கிடந்த பின்புற அறை ஒன்றைத் திறந்து, சன்னல் கதவுகளைத் தள்ளிவிட்டுத் திரும்பிய சில நிமிடங்களில், என் வெள்ளைக் காலுறையின் மேல் கடுகு சிதறி ஒட்டிக்கொண்டதுபோல ஏழெட்டுக் கரும்புள்ளிகள் தெரிந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்துப் பார்த்தபோது புள்ளி அங்கே இல்லை. அது முழங்காலருகே இருந்தது. அந்த வீட்டில் ஒருநாளும் நாயோ பூனையோ வளர்ந்ததில்லை. ஆகவே அவை தெள்ளுப்பூச்சிகள் என்று ஒப்புக்கொள்வதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் கொசுவிரட்டியை ஏற்றி வைத்துக்கொண்டு காலைச் சொறிந்ததுதான் மிச்சம்.

நாய், பூனை உள்ள வீட்டில் தெள்ளு எங்கே பிழைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்; அந்தப் பிராணிக்கு மருந்திட்டால் பாதி வேலை முடிந்துவிடும். பிராணியே இல்லாத வீட்டில் அப்படி இல்லை. பூச்சிக்கு இரத்தம் கொடுத்த விலங்கு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது, அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கிறது. அது எது, இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதைக் கண்டுபிடிக்காமல் எந்த மருந்தை எத்தனை முறை தெளித்தாலும் பயன் அரைகுறையாகவே இருக்கும். எனவே கீழே சொல்லப்படும் வேலைகளில் மருந்துக்கு நான் கடைசி இடமே கொடுத்திருக்கிறேன்.

வந்திருப்பது தெள்ளுதானா?

உண்ணி, பேன், தெள்ளு, மூட்டைப்பூச்சி ஆகிய நான்கு பெயர்களையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடையில் பெயரை மாற்றிச் சொல்லி வாங்கிய மருந்து பயன்படாமல் போவதற்கு அதுவே பல நேரங்களில் காரணம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது குதிக்காது, தோலில் வாயைப் புதைத்து நாள்கணக்கில் ஒட்டிக்கிடக்கும். பேன் மனிதரின் தலைமுடியையும் உடையையும் விட்டு அகலாது. மூட்டைப்பூச்சி மேலிருந்து கீழாகத் தட்டையானது. ஊர்ந்து மட்டுமே செல்லும். படுக்கையை ஒட்டிய இடுக்குகளில் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். தெள்ளுக்கு ஆறு கால்கள், இறக்கை கிடையாது, ஏறக்குறைய 1.5 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், சிவப்புக் கலந்த பழுப்பு நிறம். அதன் உடல் இரண்டு பக்கங்களிலிருந்தும் அழுத்தப்பட்டதுபோல ஒடுங்கியிருப்பதால் விலங்கின் அடர்ந்த மயிருக்குள் தடையில்லாமல் ஓட முடிகிறது. பின்னங்கால்களால் உந்தி, தன் உடல் நீளத்தைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு தூரம் தாவிவிடும். விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் எளிதில் நசுங்காத கெட்டியான மேலோடு அதற்கு உண்டு. அகப்பட்டதை நசுக்குவதைவிடச் சோப்பு நீரில் போட்டுவிடுவதே நல்லது.

கடித்த தடமும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். தெள்ளு தரையிலிருந்து தாவுவதால் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும்தான் கடிகள் மிகுதியாக இருக்கும். மூன்று நான்கு தடிப்புகள் கூட்டமாகவோ ஒரு வரிசையாகவோ எழும்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி தெரியும். ஆனால் தடிப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. பூச்சியின் உமிழ்நீருக்கு ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை காட்டுவதால், ஒரே வீட்டில் ஒருவருக்குக் கால் முழுவதும் தடித்திருக்க, மற்றவருக்குக் கடித்ததே தெரியாமல் போகலாம். ‘எங்களை எல்லாம் கடிக்கவில்லையே, உனக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வியால் அந்த ஒருவர் படும் எரிச்சல் கடியைவிடப் பெரிது.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனைகள் உண்டு. முழங்கால்வரை வரும் வெள்ளைக் காலுறைகளை அணிந்துகொண்டு, சோபாவின் முன்புறம், கட்டிலைச் சுற்றி, கம்பளத்தின் மேல் என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் கால்களைத் தேய்த்தவாறு மெல்ல நடந்தால், அங்கே பூச்சி இருக்குமானால் ஏறிவிடும். இரவில் இன்னொரு வழியும் செய்யலாம்: அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் கலந்து தரையில் வைத்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் மேசைவிளக்கை எரியவிட்டு, மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நாடித் தாவும் பூச்சிகள் தட்டில் விழும். சோப்பு கலந்த நீரில் அவை மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். இந்தத் தட்டு பூச்சியை ஒழிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், வளர்ந்த பூச்சிகளில் சிலவற்றைத்தான் அது பிடிக்கும். ஆனால் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் அறையில் வைத்து, விழுந்த எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்துவந்தால், பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து பெருகுகிறது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும். என் வீட்டில் கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்றுமில்லை, பின்புற அறையில் முதல் இரவே பதினான்கு.

மூன்றாவது சோதனை பூச்சியின் எச்சத்துக்கானது. தெள்ளின் எச்சம், செரித்தும் செரிக்காததுமான இரத்தம் உலர்ந்து, மிளகுத்தூள்போல உதிர்ந்து கிடக்கும். ஐயத்துக்குரிய தூளைச் சிறிது எடுத்து, நனைந்த வெள்ளைத் தாளில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால், வெறும் மண்ணாக இருந்தால் அப்படியே இருக்கும். எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்புக் கறை கசியும். பிராணி இல்லாத வீட்டில் இந்தக் கறைக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் எச்சம் மிகுதியாகக் கிடக்கும் இடம் ஒரு விலங்கு படுத்திருந்த இடமாகத்தான் இருக்கும்.

கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சி

வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது பூனைத் தெள்ளு எனப்படும் ‘டெனோசெஃபாலிடீஸ் ஃபெலிஸ்’. பெயரில்தான் பூனை இருக்கிறது. நாய் உள்படப் பல பாலூட்டிகளின் மேல் அது வாழும். எலி நடமாட்டம் உள்ள இடங்களில் ‘செனோப்சில்லா கியோப்பிஸ்’ என்னும் எலித் தெள்ளும் உண்டு. விலங்கின் மேல் ஏறிய பெண் பூனைத் தெள்ளு முதல் முறை இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்வரை இடும். அரை மில்லிமீட்டர் அளவிலான அந்த வெண்ணிற முட்டைகள் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. விலங்கு உடலை உதறும் இடத்திலும் படுத்து எழும் இடத்திலும் உருண்டு விழுந்துவிடும். சில நாட்களில் அவற்றிலிருந்து வரும் புழு, காலில்லாத, மெல்லிய, வெளிச்சத்துக்கு அஞ்சும் உயிர். கம்பளத்தின் அடி இழைகளுக்குள்ளும் தரை விரிசல்களுக்குள்ளும் இறங்கிவிடும். அதற்கு முக்கியமான உணவு, அதே விலங்கின் மேலிருந்து உதிரும் வளர்ந்த தெள்ளுகளின் இரத்த எச்சம். ஈரப்பதமும் வேண்டும்; காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் புழு உலர்ந்து மடிந்துவிடும்.

சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. நன்கு வளர்ந்த புழு பட்டிழையால் ஒரு கூடு பின்னிக்கொள்கிறது. கூட்டின் பிசுபிசுப்பில் சுற்றியுள்ள தூசியும் நூலும் ஒட்டிக்கொள்வதால், கண்ணெதிரே கிடந்தாலும் அது ஒரு தூசிக் கட்டியாகவே தெரியும். உள்ளே பூச்சி முழுவதும் வளர்ந்துவிட்ட பிறகும் உடனே வெளியே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே யாரோ நடக்கும் அதிர்வு, உடலின் வெப்பம், அழுத்தம், மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இரத்தம் அருகில் வந்துவிட்டதென்று உணர்த்தும்வரை, குளிர்ச்சியான சூழலில் மாதக்கணக்கில் கூட்டுக்குள்ளேயே இருக்கக் கூடியது அது. நெடுநாள் காலியாகக் கிடந்த வீட்டில் குடியேறியவுடன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பூச்சிகள் கிளம்புவதன் மர்மம் இதுதான். பூட்டிய அறைக்குள் அன்றைக்கு முதலில் நுழைந்த விலங்கு நான்.

வெளியே வந்த பூச்சி மனிதரைக் கடிக்கும். ஆனால் மனிதரை நம்பி மட்டும் பூனைத் தெள்ளு ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தழைப்பது அரிது. நம் உடலில் அது தங்குவதற்கு அடர்ந்த மயிர் இல்லை. நாம் குளிக்கிறோம், உடை மாற்றுகிறோம். அதன் புழுக்களுக்கு வேண்டிய எச்சமும் நம்மிடமிருந்து தரையில் உதிர்வதில்லை. இரத்தம் கிடைக்காத பூச்சி ஓரிரு வாரங்களுக்கு மேல் தாங்குவதும் அரிது. ஆகவே விலங்கு எதுவும் இல்லாத வீட்டில், ஏற்கெனவே இருக்கும் கூடுகள் காலியாகக் காலியாகத் தொல்லை தானாகவே தேய்ந்து வர வேண்டும். நன்றாகச் சுத்தம் செய்தும் அது தேயவில்லை என்றால், புதிய முட்டைகள் எங்கிருந்தோ விழுந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

விலங்கைத் தேடுதல்

முதலில் வீட்டின் அண்மைக்கால வரலாற்றைக் கேட்டறிய வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் நாயோ பூனையோ வளர்த்தார்களா? விருந்தினர் யாரேனும் தங்கள் நாயுடன் சில நாட்கள் தங்கினார்களா? யாரோ பயன்படுத்திய சோபா, கம்பளம், மெத்தை ஏதேனும் அண்மையில் வீட்டுக்குள் வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானால் நிம்மதி கொள்ளலாம். விலங்கு போய்விட்டது, கூடுகள்தாம் மீதி. வெளியே எங்கோ நம் கால்சட்டையில் தொற்றிக்கொண்டு வரும் ஒன்றிரண்டு பூச்சிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு விலங்கின் மேல் குடியேறிவிட்ட தெள்ளு அதை விட்டு எளிதில் இறங்காது. நம்மோடு வருபவை பெரும்பாலும் அப்போதுதான் கூட்டை விட்டு வெளிவந்தவை, அவை விலங்கில்லாத வீட்டில் காலூன்றுவது கடினம்.

இவை எதுவும் இல்லையென்றால் பார்வை வீட்டின் ஓரங்களுக்குத் திரும்ப வேண்டும். பரண், பொய்க்கூரையின் மேற்புறம், படிக்கட்டின் அடிப்பகுதி, தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த அறை, வண்டி நிறுத்தும் இடம், தரைக்கடியில் வெற்றிடம் உள்ள வீடானால் அந்த வெற்றிடம், சுவரை ஒட்டிய விறகுக் குவியல் ஆகிய இடங்களில் தெருப்பூனை குட்டி போட்டிருக்கலாம், எலியோ அணிலோ கூடு கட்டியிருக்கலாம். புழுக்கை, மூத்திர நெடி, உதிர்ந்த மயிர், கறும்பிய மரம், சுவரோரத்தில் ஒரே வழியாக ஓடி ஓடிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக் கோடு ஆகியவை அடையாளங்கள். எதுவும் தெரியாவிட்டால், ஐயத்துக்குரிய துளையின் முன் இரவில் முகப்பூச்சு மாவை மெல்லத் தூவிவைத்துக் காலையில் கால்தடம் பார்க்கலாம்.

என் வீட்டில் விடை பரணில் இருந்தது. பழைய போர்வை மூட்டை ஒன்றின் நடுவில், உள்ளங்கை இரண்டைச் சேர்த்துக் குவித்தாற்போல ஒரு பள்ளம். அதன் விளிம்பெல்லாம் சாம்பல் நிற மயிர். பள்ளத்தின் அடியில் மிளகுத்தூள்போலக் கறுப்புத் தூளும், அதனூடே உப்புக் கல்போல வெள்ளை மணிகளும். உடைந்த சன்னல் கம்பிவலை வழியாக வந்த ஒரு பூனை அங்கே குட்டி போட்டு, வளர்த்து, எங்களுக்குத் தெரியாமலே அழைத்துக்கொண்டும் போய்விட்டது. வெள்ளை மணிகள் முட்டைகள்.

விலங்கு இன்னும் அங்கேயே இருந்தால், அதை வெளியேற்றும் முன் வழியை அடைத்துவிடக் கூடாது. உள்ளே குட்டிகள் சிக்கினால் அவற்றின் சாவும் நாற்றமும் ஒருபுறமிருக்க, இறந்த உடலை விட்டு இறங்கும் தெள்ளுகள் அனைத்தும் வீட்டுக்குள்தான் வரும். எலி விஷயத்தில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் கனமான காரணம் இருக்கிறது. பிளேக் என்னும் கொள்ளைநோயைப் பரப்புவது எலித் தெள்ளு என்பதை 1898இல் கராச்சியில் நடத்திய சோதனையால் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். செத்துச் சில மணி நேரமே ஆன எலியைத் தொட்டவர்களுக்கு நோய் கண்டது, செத்து நெடுநேரமாகிக் குளிர்ந்துவிட்ட எலியால் அவ்வாறு நேரவில்லை என்பதைக் கவனித்தே அவர் தெள்ளின் மேல் ஐயம் கொண்டார். உடல் குளிரத் தொடங்கியதும் தெள்ளு அடுத்த உடலைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது. இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் கொள்ளைநோய் இல்லை. எலித் தெள்ளால் பரவும் ஒருவகை டைஃபஸ் காய்ச்சல் மட்டும் உலகின் பல பகுதிகளில் இன்னும் உண்டு. ஆகவே எலியும் தெள்ளும் சேர்ந்து இருக்கும் வீட்டில் முதலில் எலி ஓடும் தடங்களிலும் வளை வாயிலும் தெள்ளுக்கான பூச்சிக்கொல்லித் தூளை இட்டுவிட்டு, அதன் பிறகே எலிப்பொறி வைக்க வேண்டும். எலிக்கு நஞ்சு வைத்துவிட்டு, அது எங்கே போய்ச் சாகிறது என்றே தெரியாமல் இருப்பது இந்தச் சூழலில் மிகத் தவறான முறை. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்து, பையிலிட்டு இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். காரணம் தெரியாமல் பல எலிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தால் அதை உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

விலங்கு போனதை உறுதி செய்துகொண்ட பிறகு, அது படுத்திருந்த துணி, பஞ்சு, சருகு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும். நான் அந்தப் போர்வை மூட்டையைத் திறந்தபடியே அணைத்துக்கொண்டு கூடத்தின் வழியாக வாசலுக்கு எடுத்துச் சென்றேன். அதுவரை ஒன்றே ஒன்று இருந்த கூடத்தில் அடுத்த வாரம் பூச்சிகள் பெருகியதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பிறகு கம்பிவலையை மாற்றி, குழாய் நுழையும் துளைகளை எஃகு நாரும் சிமெண்டும் கொண்டு அடைத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

இந்தப் போரில் மிகச் சிறந்த ஆயுதம் வேக்குவம் கிளீனர்தான் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேக்குவம் கிளீனரால் உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் 96 விழுக்காடு உள்ளேயே மடிந்தன. புழுக்களும் கூட்டுப்புழுக்களும் ஒன்றுகூடத் தப்பவில்லை. இழைகளுக்குள் பற்றிக்கொண்டிருக்கும் புழுக்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் உறிஞ்சி எடுத்துவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் கருவியின் அதிர்வு கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சிகளை வெளியே வரத் தூண்டுவதால், இன்று தப்பியது நாளை அகப்படும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நல்லது. நடைபாதையைவிட ஓரங்களே முக்கியம்: சுவரும் தரையும் சேரும் கோடு, சோபா மெத்தைகளின் அடியிலுள்ள மடிப்பு, கட்டிலின் கீழ்ப்பகுதி, அலமாரியின் பின்புறம், மரத்தரையின் இடுக்குகள். கம்பளத்தை ஒரு திசையில் மட்டும் இழுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, இழைகளை எதிர்த்து மெதுவாக இழுக்க வேண்டும். முடிந்தவுடன் பையையோ தூசிக் கிண்ணத்தையோ வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று, குப்பையை உறையிலிட்டுக் கட்டிவிடுவது முன்னெச்சரிக்கை.

வேக்குவம் கிளீனர் இல்லாத வீட்டில் வழுவழுப்பான தரையானால் அதிகச் சிரமம் இல்லை; சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் ஓரங்களை அழுத்தித் துடைத்து, விரிசல்களைத் தூரிகையால் சுரண்டி எடுத்து, தரையை நன்கு உலரவிட்டால் போதும். வெறும் துடைப்பத்தால் பெருக்குவது முட்டைகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதாகவே முடியும். விரிப்புகளையும் மெத்தைகளையும் வெளியே எடுத்துத் தட்டி, கடும் வெயிலில் பலமுறை திருப்பிப்போட்டுக் காயவிடலாம். புழுக்கள் வறண்ட வெப்பத்தைத் தாங்கமாட்டா.

படுக்கை விரிப்பு, போர்வை, திரைச்சீலையின் கீழ்ப்பகுதி தரையைத் தொடுமானால் அது, மிதியடி, தரைவிரிப்பு ஆகியவற்றை 60 பாகை செல்சியசில் துவைப்பது நல்லது. துவைக்க எடுக்கும்போது உதறாமல், நான்கு மூலைகளையும் உள்நோக்கி மடித்துச் சுருட்டி எடுக்க வேண்டும். முட்டைகள் வழுக்கி விழக்கூடியவை என்பதை மறந்துவிடலாகாது. துவைக்க முடியாத சோபாவுக்கும் கம்பளத்துக்கும் நீராவிக் கருவி பயன்படும். கூடுகளைக்கூட அந்த வெப்பம் கொல்லும். ஆனால் பிறகு மின்விசிறி போட்டு முற்றிலும் உலர்த்தாவிட்டால், மிச்சமுள்ள புழுக்களுக்கு வேண்டிய ஈரத்தை நாமே கொடுத்ததாகிவிடும். பொதுவாகவே இந்தக் காலத்தில் சன்னல்களைத் திறந்து வெயிலும் காற்றும் உள்ளே வரச்செய்வது ஓசையில்லாமல் பெரிய வேலையைச் செய்யும்.

மருந்து எப்போது, எது?

பூச்சி சொற்பமாக இருந்து, விலங்கும் போய்விட்டதென்றால் சுத்தம் மட்டுமே போதுமாகலாம். தொல்லை மிகுதியாக இருந்தால் மருந்து தேவைப்படும். அப்போது இரண்டு வகைகளின் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். பெர்மெத்ரின் போன்றவை வளர்ந்த பூச்சியையும் புழுவையும் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. மெத்தோபிரீன், பைரிபிராக்சிஃபென் ஆகியவை பூச்சியின் இளமை இயக்குநீரை (ஹார்மோனை) போலச் செயல்பட்டு, முட்டை பொரிவதையும் புழு வளர்ந்த பூச்சியாக மாறுவதையும் தடுப்பவை. முதல் வகை மட்டும் உள்ள மருந்து அன்றைய பூச்சிகளைக் கொல்லும், அடுத்த மாதப் பூச்சிகளுக்கு வழிவிடும். இரண்டும் சேர்ந்த மருந்தைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை. டப்பாவின் மேல் அச்சிட்ட பெயர்களைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை இந்த மருந்துகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. தெளித்த பிறகும் பூச்சி தென்பட்டால் மருந்து போலி என்று பதறி மீண்டும் மீண்டும் தெளிக்கத் தேவையில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தெளிப்பதற்கு முன்பே வீட்டை முழுவதும் சுத்தம் செய்துவிட வேண்டும். அறையின் நடுவில் காற்றில் தெளிப்பதால் பயனில்லை; ஓரங்கள், சோபாவின் அடி, கம்பளம், விலங்கு இருந்த இடம் ஆகியவற்றில் அட்டையிலுள்ள அளவின்படி மட்டும் தெளித்து, நன்கு உலரும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடக் கூடாது. நாம் படுக்கும் பரப்பிலும் தோலிலும் தெளிக்கவே கூடாது. பெர்மெத்ரின் பூனைகளுக்கும் மீன்களுக்கும் கொடிய நஞ்சு. மீன்தொட்டி இருந்தால் அதை மூடி, காற்றுக் குழாயை நிறுத்திவிட வேண்டும். பரணில் இருக்கும் தெருப்பூனைக்கு நாய்களுக்கான தெள்ளு மருந்தை ஊற்றிப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே அழுத்தில் அறை முழுவதும் புகையாய்ப் பரவும் டப்பாக்கள் கவர்ச்சியானவை, ஆனால் அந்தப் புகை சோபாவின் அடிக்கும் இடுக்குகளுக்கும் போய்ச் சேராது. அடுப்புச் சுடர் அருகில் எரிந்துகொண்டிருந்தால் தீப்பற்றவும் கூடும். மீயொலி எழுப்பி விரட்டுவதாகச் சொல்லப்படும் மின்கருவிகளை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் இன்னொரு வேக்குவம் பை வாங்கிக்கொள்ளலாம். டயட்டம் மண் எனப்படும் நுண்தூள் பூச்சியின் மேலோட்டைக் கீறி உலரச்செய்து கொல்லும் என்பது உண்மை; மக்கள் புழங்காத இடுக்குகளுக்கும் பரணுக்கும் அது பொருத்தமானது. புழங்கும் அறையில் கொட்டிவைத்தால் நாம்தான் அதை மூச்சில் இழுக்க நேரும். தூவும்போது முகக்கவசம் கட்டாயம்.

தொழில்முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளரை அழைத்தால், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறதா, எந்தெந்த இடங்களில் தெளிப்பார், இரண்டு வாரம் கழித்து மறுபடி வருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. விலங்கு எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்காமல் தெளிக்கத் தொடங்குபவரை நான் நம்பமாட்டேன்.

கடித்த இடத்துக்கு

சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, கலமைன் லோஷன் தடவினால் பெரும்பாலும் அரிப்பு அடங்கும். மிகுதியானால் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்ளலாம். சொறிந்து புண்ணாக்கினால் சீழ் பிடிக்கும், ஆகவே குழந்தைகளின் நகங்களை வெட்டிவிடுவது நல்லது. கடிபட்ட சில நாட்களில் காய்ச்சல், கடும் தலைவலி, உடலில் செம்புள்ளிகள், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், வீட்டில் தெள்ளு இருப்பதையும் எலி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகவே அது பார்க்கப்படக் கூடும்.

எத்தனை நாள் பொறுப்பது?

முதல் வாரத்தில் பூச்சிகள் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. சுத்தம் செய்வதன் அதிர்வால் கூடுகள் திறக்கின்றன. அந்த நாட்களில் அறையைப் பூட்டிவிட்டு வேறிடம் போய்த் தங்குவது நேர்மாறான பலனைத் தரும், ஏனெனில் நடமாட்டம் இல்லாத அறையில் கூடுகள் அப்படியே காத்திருக்கும். பூச்சி உள்ள அறைக்குள் காலுறை அணிந்து நாள்தோறும் நடமாடியும், கருவியை ஓட்டியும், அவற்றை விரைவாக வெளியே வரவழைத்துவிடுவதே வழி. விளக்குத் தட்டை வாரம் இருமுறை அதே இடத்தில் வைத்து எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். என் தாளில் பதினான்கு, இருபத்தொன்று, ஒன்பது, நான்கு, நான்கு, ஒன்று என்று இறங்கி, ஆறாம் வாரத்துக்குப் பிறகு தட்டில் தண்ணீர் மட்டுமே இருந்தது. அதன் பின்னும் மூன்று வாரம் தட்டை வைத்துப் பார்த்துவிட்டே நிறுத்தினேன். இரண்டு மாதம் கழித்தும் எண்ணிக்கை குறையாமல் நின்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் பரணில் ஏற வேண்டும்.